கலர் கிராணியின் டூட்டி ஷீட்

மலாக்காவில் மட்டுமல்ல, மலாயா முழுவதும் சல்லடை போட்டுச் சலித்தாலும் ஏழு நிறத்தில் நாக்கு உள்ள மனிதர் ஒருவர்தான் கிடைப்பார். அவர் எங்கள் கலர் கிராணி. இல்லை என்பவர்கள் என்னோடு சண்டைக்கு வரலாம். நான் தயார்.

காஜா பெராங்கில் ஒரு பஸ் கம்பெனி. சுதந்திரம் வந்த புதிது. நான் அங்கே டைப்பிஸ்ட், அவர் டூட்டி ஷீட் போடும் கிராணி, அதாவது குமாஸ்தா. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்திருக்கும். யாரும் கேட்டதில்லை.

டூட்டி ஷீட் என்பது சுவரில் தொங்கும் கட்டம் போட்ட பெரிய தாள். வரிசைக்கு ஒரு ரூட். மேல் வரிசை பத்து பெரெண்டாம், நடு வரிசை பண்டார் ஹிலிர், கீழ் வரிசை உஜோங் பாசிர். குறுக்கே ஏழு நாள். எந்தக் கட்டத்தில் யார் பெயரோ, அன்றைக்கு அந்த பஸ் அவருடையது. சனிக்கிழமைதோறும் முதுகு ஒடிய இரண்டு மணி நேரம் கோடு கோடாக டைப் அடித்துக் கொடுப்பேன். அரை மணியில் அது திருவிழாப் பந்தல் மாதிரி ஆகித் திரும்பி வரும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

“ஏன் ஐயா, நான் அடிச்சது கண்ணுக்குத் தெரியலையா?”

“உனக்குத் தெரியுதும்மா. முனியாண்டிக்குத் தெரியுமா?”

அதுதான் விஷயம். ஏழு டிரைவர்களில் மலாய்க்காரர் பாக் மாட்டுக்கு ஜாவி எழுத்துத் தெரியும், ஆ செங்குக்குச் சீனம் தெரியும், முனியாண்டிக்கு எதுவுமே தெரியாது. தாளோ இங்கிலீஷில். ஆகவே கிராணி ஆளுக்கு ஒரு நிறம் கொடுத்துவிட்டார். பாக் மாட் பச்சை, ஆ செங் சிவப்பு, முனியாண்டி மஞ்சள். தன் நிறம் எந்த வரிசையில் இருக்கிறது என்று பார்த்துவிட்டு வண்டியை எடுக்கவேண்டியதுதான்.

நிறம் அழுத்தமாகப் பிடிக்கவேண்டும் என்று கட்டத்துக்குக் கட்டம் பென்சிலை நாக்கில் தொட்டுக்கொள்வார். அப்படியும் கொஞ்சம் வெளிறினால் ஆ செங் வந்து நிற்பான். “கிராணி, இது செவப்பா? ரோஸ் லா! எனக்குப் பாதி நாள்தான் டூட்டியா?” கிராணி மறுபடி பென்சிலை எடுத்து நாக்கை நீட்டுவார்.

அப்போதுதான் புது மேனேஜர் துரை வந்தார். “இது ஆபீஸா, பாலர் பள்ளியா?” என்று பென்சில்களை எல்லாம் பிடுங்கித் தன் டிராயரில் பூட்டினார். இனிமேல் கறுப்பு மை மட்டும்தானாம்.

கிராணி நின்ற இடத்தில் நின்றே பதில் சொன்னார். “நாட்டுக்கே நாலு கலர்ல கொடி ஏத்தியாச்சு துரை. என் தாளுக்கு மட்டும் கறுப்பா? முடியாது.”

அடுத்த வாரம் அவர் வீட்டுச் சமையலறை ஆபீசுக்கு வந்துவிட்டது. முனியாண்டிக்கு மஞ்சள் தூள். பாக் மாட்டுக்குப் பாண்டான் இலைச் சாறு. நீலத்துக்காகப் பக்கத்து மலாக்காச் செட்டி வீட்டு அம்மாவிடம் போய், அவர் பலகாரத்துக்கு வைத்திருந்த சங்குப்பூச் சாற்றைக் கேட்டார். தலைமுறை தலைமுறையாக மலாய் பேசும் குடும்பம், அந்த அம்மாவுக்குத் தமிழ் வராது. இவர் மலாயில் என்ன சொல்லி விளக்கினாரோ, ஒரு தட்டு பலகாரமும் சேர்ந்து வந்தது. பஸ்கள் நேரத்துக்குக் கிளம்பியதால் துரை மூக்கைச் சுருக்கியதோடு சரி. அவர் பூட்டியது பென்சிலைத்தானே!

ஆ செங்கின் சிவப்புதான் காலை வாரிவிட்டது. அதற்கு ரோஸ் சிரப்பைக் கெட்டியாகக் காய்ச்சிப் பூசியிருந்தார். புதன்கிழமை காலைக்குள் எறும்புகள் வந்து புதன்கிழமையைத் தின்றுவிட்டன. ஆ செங் பார்த்தான், சிவப்பு இல்லை. லீவு என்று மீன் பிடிக்கப் போய்விட்டான். உஜோங் பாசிர் ஜனங்கள் ஒன்பது மணி வரை வெயிலில் காய்ந்தார்கள்.

துரை கிராணியைக் கூப்பிட்டார். நான் ஷார்ட்ஹேண்ட் நோட்டோடு ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். “இனி கறுப்பில்தான் எழுதுவேன் என்று ஒரு வரி எழுதிக் கொடு. வேலை இருக்கும். இல்லையென்றால் இல்லை.”

ஐம்பது தாண்டிய மனிதர். இன்னொரு கம்பெனி சேர்த்துக்கொள்ளுமா? எழுதித் தொலையுங்கள் ஐயா என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

“தப்பு எறும்பு மேல துரை, கலர் மேல இல்ல,” என்றார் கிராணி. “முனியாண்டிக்கு நீங்க இங்கிலீஷ் படிச்சுக் குடுங்க. அன்னிக்கு நான் கறுப்புல எழுதறேன்.”

துரை என் பக்கம் திரும்பினார். வேலை நீக்கக் கடிதத்தை நான் டைப் அடிக்கவேண்டும். திங்கட்கிழமை கிராணி அலமாரிச் சாவியைக் கொடுக்க வரும்போது அவர் கையில் கொடுக்கவேண்டும். டூட்டி ஷீட்டும் இனி என் பொறுப்பு, கறுப்பில்.

இரண்டையும் அடித்தேன். திட்டாதீர்கள், எனக்கும் வேலை வேண்டும். அடிக்கும்போது அழுதேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

திங்கட்கிழமை காலை அந்தக் கறுப்புத் தாளின் முன்னால் ஏழு டிரைவர்களும் நின்றார்கள்.

“என் கட்டம் எதும்மா?” என்றான் முனியாண்டி.

தொட்டுக் காட்டினேன். சட்டைப் பையிலிருந்து புத்தம் புது மஞ்சள் பென்சிலை எடுத்துத் தீட்ட ஆரம்பித்தான். உடனே மற்ற ஆறு பையிலிருந்தும் ஆறு பென்சில் வெளியே வந்தது. பாக் மாட் தன் பேரனுடையதைச் சுட்டுக்கொண்டு வந்திருந்தார். “இதா? அடுத்தது எது?” என்று கேட்கக் கேட்க நான் ஒவ்வொரு கட்டமாகக் காட்டினேன். துரை பார்த்தால் என் வேலையும் போகும். ஆனாலும் காட்டினேன்.

“என்ன நடக்கிறது இங்கே?” என்று துரை வெளியே வந்தார்.

பாக் மாட் பென்சிலை நிறுத்தவேயில்லை. “மெர்டேக்கா, துவான்,” என்றார். சுதந்திரமாம்!

அந்த நேரம் பார்த்துச் சாவியோடு கிராணி நுழைந்தார். தாளைப் பார்த்தார். கண் கலங்கப் போகிறார் என்று நினைத்தேன். மனிதர் தலையில் அடித்துக்கொண்டார்.

“அலாமாக்! கோட்டத் தாண்டி எங்கடா போற முனியாண்டி? ஆ செங்கோட செவ்வாக்கிழமையையும் சேத்து நீயே ஓட்டப்போறியா?”

பென்சிலைப் பிடுங்கி, நாக்கில் தொட்டு, ஓரத்தைச் சரிசெய்ய ஆரம்பித்துவிட்டார். துரை கடிகாரத்தைப் பார்த்தார். முதல் பஸ் கிளம்ப மூன்று நிமிடம் இருந்தது. “போங்கள்!” என்று கத்தினார். கிராணி முடிக்கும் வரை ஒருவரும் அசைவதாக இல்லை. துரை உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வேலை நீக்கம் என்ற பேச்சு அந்தக் கதவுக்குப் பின்னாலிருந்து அப்புறம் வரவேயில்லை.

“டைப்பிஸ்டம்மா, கூர் பாக்க ஒரு தாள் குடு,” என்று கிராணி திரும்பாமலே கையை நீட்டினார்.

என் கையில் இருந்தது ஒரே தாள், துரை கையெழுத்துப் போட்ட அந்தக் கடிதம். பின்பக்கமாகத் திருப்பிக் கொடுத்தேன். மஞ்சளில் ஒரு கிறுக்கல், பச்சையில் ஒரு கிறுக்கல் போட்டுப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். அது இன்னும் என் பெட்டியில் இருக்கிறது. முன்பக்கத்தில் என்ன இருந்தது என்று அவருக்கு நான் கடைசிவரை சொல்லவில்லை.