பேதியுப்பு சாப்பிட்ட வியாழக்கிழமை

பெருநகர்,
14-6-1959

காஞ்சிபுரம் ஏகாம்பரம் மாமா அவர்கள் சமூகத்துக்கு, மருமகன் வேதகிரி வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இவ்விடத்தில் என்னைத் தவிர எல்லோரும் க்ஷேமம். அவ்விடத்து க்ஷேமத்தைப் பிறகு விசாரித்துக்கொள்கிறேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை.

முதலில் காரியம். இத்துடன் மாற்றல் விண்ணப்பம் வைத்திருக்கிறேன். தாங்களே நேரில் போய் எங்கள் மின்சார இலாகா ஆபீஸில் கொடுக்க வேண்டும். எந்த ஊரானாலும் சரி, கக்கூஸுக்குக் கதவு இருக்க வேண்டும்.

நான் இங்கே ஓவர்சியராக வந்து இரண்டு மாதம். கரண்டு கேட்டு வந்திருப்பவை பதினான்கு விண்ணப்பங்கள், நம்பர் வரிசைப்படிதான் கொடுப்பது என்பது விதி. இதை இந்த ஊரில் ஒருவரும் நம்பவில்லை. விடிந்தால் ஊர் முழுக்க ஏரிக்கரைக்குத்தான் போகிறது, நானும் போக வேண்டும், அங்கே எனக்கு மேஜை இல்லை, பியூன் இல்லை, எழுந்து போகவும் வழியில்லை என்பதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். நான் குடியிருக்கும் வீட்டுக்காரர் கோபால், சொம்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பத்து முழம் தள்ளி உட்கார்ந்து, "ஓவர்சியரே, நம்ம கெணத்துக்கு எப்போ கம்பம் நடப்போறீங்கோ?" என்று ஆரம்பிப்பார். கரையில் பேசினால்தான் பேச்சு என்பது ஊர் வழக்கம், இதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லையாம். நான் தங்கள் வீட்டில் தாழ்ப்பாள் போட்டு வளர்ந்தவன். ஐந்து நாள் வயிற்றில் ஒன்றும் நடக்கவில்லை. அதன் பிறகுதான் தங்களுக்குக் கார்டு போட்டேன்.

பஸ் கண்டக்டர் மூலம் தாங்கள் அனுப்பிய பேதியுப்பும் சீட்டும் புதன்கிழமை கிடைத்தன. நாற்பது வருஷம் கம்பவுண்டராக இருந்தவர் எழுதிய சீட்டு, அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. கூட வைத்த சின்னக் கரண்டியால் தலைதட்டி ஒரே அளவு, ஒரு முழு டம்ளர் தண்ணீரில் கரைத்து வெறும் வயிற்றில் குடி, பிறகும் தண்ணீர் நிறையக் குடி, ஆறு மணி நேரம் காத்திரு, மறுபடி எடுக்காதே, வயிற்று வலி, வாந்தி, சிறுநீரகக் கோளாறு இருந்தால் தொடாமல் டாக்டரிடம் போ, எப்போதாவது ஒரு நாளைக்குத்தான், பழக்கமாக்கிக்கொள்ளாதே. எல்லாம் படித்தேன். வியாழக்கிழமை காலை ஆறு மணிக்குச் சரியாகக் குடித்தேன். குடித்ததும் கோபாலின் மனைவி ஆண்டாளம்மாள் என் தண்ணீர்ப் பானையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். அந்த வீட்டில் பேதி என்றால் விளக்கெண்ணெய், அன்றைக்குப் பச்சைத் தண்ணீரைத் தொடக்கூடாது. "மருந்து சாப்ட்டுக்கினு தண்ணி குடிப்பாங்களா? முறிஞ்சிடும் தம்பி." நான் விளக்கினேன்: இந்த உப்பு குடலைப் பிடித்துத் தள்ளாது, குடலுக்குள் தண்ணீரை இழுத்து வைக்கும், அதனால் இளகும், குடிக்கத் தண்ணீர் கொடுக்காவிட்டால் உடம்பிலிருக்கிற தண்ணீரைத்தான் இழுக்கும், ஆள் வாடிப்போவான். கோபால் கவனமாகக் கேட்டார். "உப்பு தண்ணிய இஸ்துக்கினு வரும்னா மோட்டாரு இன்னாத்துக்கு? கெணத்துல ஒரு மூட்டை உப்பக் கொட்டிட்டா போறாதா?" என்றார். பானை வரவில்லை.

அடுத்தது என் தப்பு, ஒப்புக்கொள்கிறேன். சுவிட்சைத் தட்டினால் விளக்கு எரிய வேண்டும் என்று பழகியவன் நான். எட்டு மணி வரை எரியவில்லை. தங்கள் சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டேன். ஒன்பதரைக்கு முதல் கரண்டி வேலை செய்தது, பத்தரைக்கு இரண்டாவதும் சேர்ந்துகொண்டது. மொத்தம் பதினொரு தடவை ஏரிக்கரை. மூன்றாவது தடவை போனபோது அங்கே ஏழு பேர் விண்ணப்ப நகலோடு காத்திருந்தார்கள். கோபால் டீக்கடையில் சொல்லியிருக்கிறார், "ஓவர்சியரு இன்னிக்கி பூரா கரையிலதான் கீறாரு" என்று. அவர்களை அனுப்பினால் போதும் என்று கேட்டதற்கெல்லாம் ஆகட்டும் என்றேன். ஏழு பேருக்கும் முதல் கரண்டு என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன் மாமா. மத்தியானம் நாக்கு வறண்டு, கால் தள்ளாடி, கண் இருட்டிவிட்டது. ஆண்டாளம்மாள் பயந்துபோய்த் தாமே உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீரும் மோரும் டம்ளர் டம்ளராகக் கொடுத்ததில் சாயங்காலம் தெளிந்தேன். "கரண்ட புடிக்கிற புள்ள, ரெண்டு கரண்டி உப்புக்கு சுருண்டுக்கினு கீதே" என்று சொல்லிக்கொண்டேதான் கொடுத்தார். ஊருக்கே சொல்லிவிட்டார்.

பெரிய பேதிக்குப் பிறகு இரண்டு நாள் போகாதது இயற்கை, தெரியும். ஆனால் இன்றோடு மூன்று நாள். கரையில் ஏழு பேரும் தினமும் வருகிறார்கள், இப்போது வாக்கை ஞாபகப்படுத்த. வயிறு பழையபடி பூட்டிக்கொண்டது. உப்பைத் தொடமாட்டேன், சத்தியம். மாற்றல் ஒன்றுதான் மருந்து. விண்ணப்பத்தைத் தாமதிக்காமல் கொடுக்கவும். அத்தைக்கு நமஸ்காரம், குழந்தைகளுக்கு என் ஆசி.

இப்படிக்கு,
தங்கள் மருமகன்,
வேதகிரி

பி.கு. (15-ஆம் தேதி காலை): இத்துடன் வைத்திருந்த மாற்றல் விண்ணப்பத்தை நானே எடுத்துக் கிழித்துப் போட்டுவிட்டேன். என்னிடம் கம்பக்குழி வெட்டும் தானியேல் விடியற்காலையில் வந்து, "சார், கொஞ்சம் வாங்க" என்று எங்கள் சாமான் கொட்டகைக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனான். போன மாதம் நான் தப்பாக அளந்து வெட்டச் சொன்ன ஐந்தடிக் குழி ஒன்று அங்கே கிடக்கிறது. அதன்மேல் இரண்டு பலகை போட்டு, சுற்றிலும் தென்னங்கீற்று கட்டி, கோணியில் ஒரு கதவும் தொங்கவிட்டிருந்தான். "நீங்க தப்பா வெட்டச் சொன்ன குயி சும்மாதான சார் கீது. போங்க, நான் ரோட்டாண்ட நின்னுக்கினு யாரையும் உட மாட்டேன்" என்றான். மருந்தில்லாமலே ஐந்து நிமிஷத்தில் காரியம் முடிந்தது. வெளியே வந்து அவனுக்கு என்ன வேண்டும் என்று கேட்டேன். ஒன்றும் வேண்டாம் என்றான். கரண்டு விண்ணப்பப் பட்டியலைப் பார்த்தேன். அவர்கள் காலனிக்குத் தெருவிளக்கு, பதினான்காம் நம்பர், கீழே அவன் கைநாட்டு. வரிசையை மாற்றமாட்டேன், விதி விதிதான். முதல் பதின்மூன்றையும் இந்த மாதத்துக்குள் முடித்துவிடப் போகிறேன். பதின்மூன்றாவது கோபாலுடையது. அவரிடம் நாள் எதுவும் சொல்லவில்லை. சொன்னால் கோணிக்கு அந்தப் பக்கம் வந்து உட்கார்ந்துகொள்வார்.