மூன்றாம் நம்பர் பை

அரைகுறைப் படிப்புக்குத் துணிச்சல் அதிகம். எனக்கு அது கடலையே இடம் மாற்றும் அளவுக்கு இருந்தது.

எழுபதுகளின் தொடக்கம். நான் நிலவியல் முதுகலை மாணவன். பழவேற்காட்டு மணலில் கண்ணுக்குத் தெரியாத ஓடுகள் உண்டு. கடலில் வாழும் நுண்ணுயிரின் ஓடு வேறு, ஏரியில் வாழ்வதன் ஓடு வேறு. ஓட்டைப் பார்த்தே மணல் எங்கே படிந்தது என்று சொல்லிவிடலாம் (தெரிந்தவர்கள்).

கடலோரத்தில் அள்ளிய மணலை உப்புப் போக அலசி, காயவைத்து, பைகளுக்கு நம்பர் போட்டு, நான் தங்கியிருந்த மீனவர் வீட்டுப் பரணில் வைத்தேன். மழைக்காலம் முடிந்ததும் வந்து எடுத்துப் போனேன்.

மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், மூன்றாம் நம்பர் பை முழுக்க ஏரி ஓடுகள்! ஒரு காலத்தில் ஏரி அதுவரை பரந்திருந்தது, கடல் அதற்கும் கிழக்கே இருந்தது என்று நாற்பது பக்கம் எழுதித் தள்ளினேன். பேராசிரியர், இடத்தைப் பார்த்த பிறகே கையெழுத்து என்றார். கையெழுத்து இல்லாமல் பட்டம் இல்லை. பட்டம் இல்லாமல், எனக்குக் கிடைத்திருந்த வேலையும் இல்லை.

பொன்னேரியில் ரயில் இறங்கி, பஸ் பிடித்து அவரை அழைத்து வந்தேன். அந்த வீட்டு வாசலில் நின்று நான் முழங்கிக்கொண்டிருக்க, வீட்டுக்காரியான தனலட்சுமி அக்கா மீன் ஆய்ந்தபடியே கேட்டார்.

"இன்னாபா, மூணு போட்ட பையா? அது ஏரி மணலு தான்."

"இல்லக்கா, கடலோரம் எடுத்தேன்."

"நீ எடுத்தது அங்கதான். மழையில வெளிய மணலெல்லாம் ஈரம். வேர்க்கல்ல வறுக்கணும். உன்னுது கழுவி, காஞ்சி, ஜோரா இருந்துச்சி. வறுத்ததுல மணலு கருகிப் போச்சி. புள்ள வந்து தேடுமேன்னு ஏரிக்கரையில அள்ளிக்கினு வந்து ரொப்பி வச்சேன். மணலு மணலு தானே?"

பேராசிரியர் குடையை ஊன்றிக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"வேர்க்கடலை எப்படிம்மா இருந்தது?"

"ஃபஸ்ட் கிளாஸ் சார்." (எனக்குக் கிடைக்காதது.)

பிறகுதான் விஷயம் அக்காவுக்குப் புரிந்தது. கையைக் கழுவிக்கொண்டு எழுந்தார். கணவரை எழுப்பிப் படகை எடுக்கச் சொல்லி, எங்களோடு ஏரியைக் கடந்து கடலோரம் வந்து, தன் கையாலேயே புது மணல் அள்ளிக் கட்டிக் கொடுத்தார். நாற்பது பக்கத்தையும் கிழித்துப் போட்டு, பதினெட்டுப் பக்கத்தில் உண்மையை எழுதினேன். கையெழுத்தும் கிடைத்தது, வேலையும் கிடைத்தது. அன்று அக்கா வாய் திறக்காமல் இருந்திருந்தால் என் முட்டாள்தனம் அச்சேறியிருக்கும். அந்த நன்றி எனக்கு இன்றுவரை குறையவில்லை.

என் மனைவி அவரைப் பார்த்ததே இல்லை. ஆனாலும் நான் எதையாவது அடித்துப் பேசினால் போதும், தலை நிமிராமல் கேட்பாள்:

"தனலட்சுமி அக்காவை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"