ஒரே தொண்டையில் ஒரு ஜோடி

உலகத் திரையின் தலைசிறந்த காதல் ஜோடி எது என்று கேட்டால் போலந்துக்காரர்களாகிய நாங்கள் யோசிக்கவே மாட்டோம். போகுமில்! ஆம், ஒரே ஆள்தான். எங்கள் தொலைக்காட்சியில் எந்த நாட்டுப் படம் ஓடினாலும், நடிகர்களின் குரல் அடியில் முனகிக்கொண்டிருக்க, அத்தனை பேர் வசனத்தையும் போலிஷ் மொழியில் அவர் ஒருவரே வாசிப்பார். நாயகன் "உன்னைக் காதலிக்கிறேன்" என்பான். போகுமில் வாசிப்பார். நாயகி "நானும்தான்" என்பாள். அதையும் அவரே, ரயில் தாமதத்தை அறிவிக்கும் அதே குரலில் வாசிப்பார். நாடே கண்ணைத் துடைத்துக்கொள்ளும்.

இந்த உன்னத ஏற்பாட்டில்தான் எங்கள் நிலையத்துக்குப் புதிதாக வந்த இயக்குநர் செவெரின் கை வைத்தார். நிலையத்தின் உணர்ச்சிப் பிரிவுத் துணைத்தலைவன் என்ற முறையில் அந்தக் கூட்டத்தில் நானும் இருந்தேன்.

"கெமிஸ்ட்ரி பத்தல," என்றார் செவெரின்.

"யாருக்கும் யாருக்கும் சார்?"

"போகுமிலுக்கும் போகுமிலுக்கும்தான்யா!"

உடனே 'கெமிஸ்ட்ரி மேம்பாட்டுத் திட்டம்' பிறந்தது. வானொலியில் வானிலை வாசித்துக்கொண்டிருந்த கலினா, நிரந்தர வேலை என்ற எங்கள் வாக்கை நம்பி வானொலியை உதறிவிட்டு வந்தாள். பெண் பேசுவதைப் பெண்ணே பேசுவது! இப்படியொரு புரட்சி இத்தனை காலம் நமக்கு ஏன் தோன்றவில்லை என்று எங்களை நாங்களே மெச்சிக்கொண்டோம்.

முதல் படம் ஒளிபரப்பானது. "நானும்தான்" என்று கலினா சொன்னபோது, சத்தியமாக, எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. அடுத்த நிமிடம் தொலைபேசி அலறியது.

ராதோம் நகரிலிருந்து ஒரு பல் மருத்துவர் குமுறினார்: "அந்த மனுஷன் பாட்டுக்கு இத்தன வருஷமா தன்னைத்தானே காதலிச்சுக்கிட்டு நிம்மதியா இருந்தாரு. நடுவுல எவ சார் இவ, குடும்பத்தைக் கெடுக்க?"

போகுமிலின் மனைவி நேரிலேயே வந்துவிட்டார். "அவரு அவர்கிட்டயே கொஞ்சினாரு, பொறுத்துக்கிட்டேன். இப்ப பதிலும் வருதா?"

மறுபடியும் கூட்டம். முட்டைக்கோஸ் அடைத்த பியரோகிக் கொழுக்கட்டை பரிமாறப்பட்டது. ஆழ்ந்து மென்ற பிறகு முடிவு எட்டப்பட்டது. கெமிஸ்ட்ரி 'அனுமதிக்கப்பட்ட அளவை' மீறிவிட்டது. எனவே கலினாவுக்கு வேலை இல்லை.

கலினா எழுந்தாள். "உங்க பேச்சை நம்பித்தானே இருந்த வேலையை விட்டேன்? வாடகைக்கு எங்க போவேன்? வெக்கமா இல்ல, கழுதைங்களா?"

பக்கத்தில் இருந்ததால் எனக்கு மட்டும் அது கேட்டது. அவள் வாயைத் திறந்த அரை நொடியில், பழக்க தோஷம், கூட்டத்தில் இருந்த போகுமிலும் அவள் குரலுக்கு மேல் வாசிக்கத் தொடங்கிவிட்டார். சபைக்கு எட்டியது இதுதான்: "வாய்ப்புக்கு நன்றி. வேறு வீடு பார்த்துக்கொள்கிறேன். நீங்கள் சற்றே பிடிவாதக்காரர்கள்."

அவள் இன்னும் உரக்கக் கத்தினாள். செவெரின் கனிவோடு கையமர்த்தினார். "ஏம்மா தொண்டையப் புண்ணாக்கிக்கிற? அதான் அவரே சொல்றாருல்ல!"

போகுமில் அவள் சார்பில் மனநிறைவோடு விடைபெற்றார். கைதட்டினோம். அவள் அழுததை மட்டும் அவர் வாசிக்கவில்லை. வசனம் இல்லாத இடங்களில் அவர் வாசிப்பது வழக்கமில்லை.

பெண்கள் பேசுவதை எங்கள் நிலையம் ஒருநாளும் தடுத்ததில்லை. அவர்களுக்காகப் பேசுவதற்கென்றே ஓர் ஆணைச் சம்பளம் கொடுத்து வைத்திருக்கிறோம். மற்ற நாடுகளில் இதை ஆண்கள் இலவசமாகவே செய்கிறார்களாம்.