மாமியாருக்காக ஒரு நாள் லீவு

கோட்டை உச்சிக்குப் போகும் படிகளில் பாதி ஏறியிருந்தபோது மானேஜரிடமிருந்து போன் வந்தது. குமாஸ்தா, கூட ஏறிக்கொண்டிருந்த மனைவியை விட்டு நாலு படி தள்ளிப்போனார். காலையில்தான் இதே மானேஜரிடம், "மாமியார் தவறிட்டாங்க சார்" என்று தழுதழுத்து லீவு வாங்கியிருந்தார்.

தவறிப்போன மாமியாரோ, முழங்கால் வலிக்கிறது என்று கீழே கோட்டை வாசலிலேயே ஒரு கல்லில் உட்கார்ந்து வேர்க்கடலை கொறித்துக்கொண்டிருந்தார்.

அந்த அம்மாள் மகளின் காதல் கல்யாணத்துக்கு வரவில்லை. அதற்கப்புறமும் வாசல்படி மிதிக்கவில்லை. இப்போதுதான் மனம் இறங்கி வந்திருந்தார். கோட்டையைப் பார்க்க ஆசை என்றார். முதல்முறையாக வாய் நிறைய "மாப்பிள்ளை" என்றும் கூப்பிட்டுவிட்டார். குமாஸ்தா உருகிப்போனார். அந்த உருக்கத்தில் லீவுக்கு வேறு காரணம் எதுவும் தோன்றவில்லை.

"இன்னிக்கு ஒரு நாள் எதையும் சொதப்பிடாதீங்க. இப்பதான் அம்மா நம்மளோட ஒட்டியிருக்காங்க" என்று மனைவி கெஞ்சியிருந்தாள்.

"சொல்லுங்க சார்" என்றார் குமாஸ்தா போனில், குரலில் சோகத்தைக் குழைத்து.

"என்னய்யா, சிரிப்புச் சத்தம் கேக்குது?"

ஒரு பள்ளிக்கூடமே பக்கத்தில் சுற்றுலா வந்திருந்தது.

"துக்கத்துல சிலருக்குப் புத்தி பேதலிச்சுடுது சார்."

அந்த நேரம் பார்த்தா ஒரு போட்டோக்காரர் கத்த வேண்டும்? "எல்லாரும் நெருங்கி நில்லுங்க! அந்தம்மா, கொஞ்சம் பல்லைக் காட்டுங்க!"

"எந்தம்மாய்யா?"

"அவங்கதான் சார். கடைசியா ஒரு போட்டோ எடுக்கறாங்க."

"செத்தவங்களையா பல்லைக் காட்டச் சொல்றான்?"

"சிரிச்ச முகம் சார் அவங்களுக்கு."

மானேஜர் மூக்கை உறிஞ்சினார். "அட்ரஸ் சொல்லு. ஸ்டாஃப் எல்லாரும் மலர்வளையத்தோட கிளம்பிட்டோம்."

"வீட்டுல இல்ல சார். சொந்த ஊருக்குக் கொண்டுவந்துட்டோம். மலை மேல இருக்கு, வண்டி வராது."

"வராட்டி என்ன? ஏறி வரேன். நான் தினம் வாக்கிங் போறவன்."

மனைவி நெருங்கி வந்தாள். "யாரை எங்க கொண்டுவந்துட்டீங்க?"

"உங்கம்மாவைத்தான். கோட்டைக்குக் கூட்டிட்டு வந்திருக்கேன்னு மானேஜர்கிட்ட பெருமையாச் சொல்லிட்டிருக்கேன்."

அவள் முகம் பூரித்துப்போனது. "ஸ்பீக்கர்ல போடுங்க. லீவு கொடுத்த மகராசனுக்கு நானும் ஒரு தேங்க்ஸ் சொல்லிடறேன்."

"டவர் இல்ல!" என்று ஓட்டம் பிடித்தார் குமாஸ்தா.

தலைதெறிக்க ஏறி, உச்சியில் ஒரு கல் மாடத்துக்குள் புகுந்தார். சுற்றிலும் ஒரு ஈ காக்காய் இல்லை. சுவரோடு ஒட்டிக்கொண்டு, கையால் வாயைப் பொத்தியபடி பேசினார்.

"சார், மனசு விட்டுச் சொல்றேன். நீங்க வராதீங்க. அவ்வளவு மரியாதைக்கு என் மாமியார் லாயக்கில்ல."

"செத்தவங்களை அப்படிச் சொல்லாதய்யா."

"இருந்தவரைக்கும் ஒரு வாய் தண்ணி நிம்மதியாக் குடிச்சதில்ல சார். வாயைத் திறந்தா ஊரே காலி. போனதுக்கப்புறம்தான் வீடு வீடா இருக்கு. நாங்க யாரும் அழக்கூட இல்ல."

மறுமுனையில் நீளமாக ஒரு பெருமூச்சு. "எங்க வீட்டுலயும் இதே கதைதான்யா. நீயாவது தப்பிச்சே. சரி, நான் வரல."

போன் அடங்கியது. குமாஸ்தாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கூடவே மனசும் உறுத்தியது. பாவம், ஆசையாக வந்த அம்மாள். எவ்வளவு புளுகிவிட்டோம்! கீழே போனதும் குளிர்ச்சியாக ஏதாவது வாங்கிக் கொடுத்து, இன்னும் இரண்டு தடவை "மாப்பிள்ளை" என்று சொல்லக் கேட்க வேண்டும் என்று நினைத்தபடி வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

கோட்டைக் காவலாளி ஒருவர் வாக்கிடாக்கியோடு மாடத்துக்குள் எட்டிப் பார்த்தார்.

"சார், இது ராஜா இங்கேருந்தே வாசல் காவலுக்கு உத்தரவு போட்ட இடம். கிசுகிசுன்னு பேசினாலும் கீழ வாசல்ல கணீர்னு கேக்கும். அங்க உக்காந்திருக்கற அம்மா, அவங்களை எத்தனை மணிக்கு எடுக்கறீங்கன்னு கேட்டுச் சொல்லச் சொன்னாங்க."