தவளைக்கு வந்த தாம்பூலத் தட்டு

எனக்குப் பாட வராது. இதை எந்தச் சபையிலும் தலைநிமிர்ந்து சொல்வேன். ஆனால் தொண்ணூறுகளின் கடைசியில், கல்பாக்கம் குடியிருப்பில், பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் சொல்வது பெரிய குற்றம். (குற்றம் அவர்களுக்கு. எனக்கில்லை.)

அப்போது என்னிடம் விலங்கியல் பட்டமும், அப்பா வாங்கித் தந்த டேப் ரெக்கார்டரும், தவளைப் பைத்தியமும் இருந்தன. மழை பிடித்தால் ஊர் ஜன்னலைச் சாத்தும். நான் டேப்பைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக்கொண்டு, திருக்கழுக்குன்றம் சாலையோரக் குட்டைக்குச் சைக்கிள் மிதிப்பேன். ஒரு தவளை மர நாற்காலியை இழுப்பது போலக் கத்தும், இன்னொன்று கிளம்பாத ஸ்கூட்டரை உதைப்பது போல. உலகத்திலேயே நான்தான் இதை முதலில் கேட்கிறேன் என்று ஒரு மிதப்பு வேறு.

அம்மாவுக்கு அந்தச் செங்கல்பட்டு வரன் கைநழுவக் கூடாது. "தவளைன்னு வாயத் தொறந்த, அவ்ளோதான்" என்று சொல்லித்தான் காபித் தட்டைக் கையில் கொடுத்தாள்.

மாப்பிள்ளையின் அம்மா ஆரம்பித்தார். "பொண்ணு பாடுமா?"

"பாடாது. ஆனா நல்லா ரெக்கார்டு பண்ணும்" என்றார் என் அப்பா, பெருமை தாங்காமல்.

"அப்ப அதையாவது போடச் சொல்லுங்க."

அம்மா கண்ணாலேயே எரித்தாள். எனக்கோ, குனிந்து குனிந்து கழுத்து வலி, அதற்கு மேல் கோபம். போட்டேன். சத்தத்தையும் கூட்டி வைத்தேன்.

"இன்னாம்மா இது?"

"தவளைங்க."

"அய்ய, கல்யாணப் பேச்சுல தவளையா? அத நிறுத்தும்மா!"

மாப்பிள்ளை வாயில் வைத்த கேசரியை விழுங்க மறந்திருந்தார். நிறுத்தினேன். அப்போதுதான் குறட்டை கேட்டது. மாப்பிள்ளையின் அப்பா சோபாவில் சாய்ந்து அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். டேப் நின்ற அமைதியில் திடுக்கிட்டு விழித்து, "ஏம்மா நிறுத்துன? போடு" என்றார். அவர்களுடையது பைபாஸ் ஓரத்து வீடு. லாரிச் சத்தத்தில் மனிதருக்கு மாதக்கணக்காகத் தூக்கமில்லையாம். (அவர் தொழில் லாரி வாடகைக்கு விடுவது.)

மறுநாள் தரகர் செய்தி கொண்டுவந்தார். பெண் வேண்டாமாம். அந்தக் கேசட் கிடைக்குமா?

அம்மா அழுதாள். அப்பா கேசட்டைப் பேப்பரில் சுற்ற ஆரம்பித்தார். நான் பிடுங்கிக்கொண்டேன். "நான் வேணாம், என் தவளைங்க மட்டும் வேணுமா? தட்டோட வந்து முறையா கேக்கச் சொல்லுங்க!"

திமிர்தான். இன்றைக்கு நடந்தாலும் அதையேதான் சொல்வேன். ஆனால் வந்தார்களே! வெற்றிலை, பாக்கு, பழம், பூ வைத்த தட்டை மாப்பிள்ளையின் அம்மாவே என் முன்னால் நீட்டினார். "அவுரு தூங்கினாத்தான் வூடு வூடா கீது. குடுத்துடும்மா."

ஒரு பிரதி கொடுத்தேன். செய்தி குடியிருப்பில் பரவியபின் விஷயம் எங்கள் பிடியில் இல்லை. நைட் ஷிப்ட் முடித்துப் பகலில் தூங்குகிறவர்கள் எல்லாம் வாசலில் வந்து நின்றார்கள். அவர்களுக்கெல்லாம் பிரதி எடுத்துக் கொடுத்தது அம்மாதான். எந்தத் தவளை எப்போது கத்தும் என்று விளக்கம் வேறு!

அப்புறம் எனக்கும் கல்யாணம் ஆயிற்று. எந்த விசேஷத்திலும் என் கணவர் விடாமல் சொல்வது இதுதான்: "இவங்க வீட்டுக்கு மொதல்ல தட்டு வந்தது தவளைக்கு. நான் ரெண்டாவது சம்பந்தம்."

எல்லோரும் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். மழை பிடித்தால் வீட்டில் தோசை வார்ப்பது அவர்தான். நான் குட்டையில் இருப்பேன்.