கொப்புளம் காணாத கை

"விஷக்கொடியா? ஏழாங்கிளாஸ் படிக்கறப்ப அதைச் சுருட்டித் தலைக்கு வெச்சுத் தூங்கினவன் நான். காலையில பார்த்தா, அந்தக் கொடிக்குத்தான் உடம்பெல்லாம் தடிப்புத் தடிப்பா வந்திருந்தது."

ஆர்விஸ் க்ராட்ஸ் இதைச் சொன்னது தேவாலயக் கூடத்தில், ஞாயிறு ஆராதனை முடிந்து எல்லோரும் காப்பி குடித்துக்கொண்டிருந்த நேரத்தில். ஒஹையோ மாநிலத்தில் அந்த வாரம் சொல்லப்பட்ட பொய்களிலேயே பெரியது இதுதான் என்று அங்கிருந்தவர்கள் ஒருமனதாக முடிவு செய்தார்கள்.

பேச்சு தொடங்கியது ஒரு மஞ்சள் நோட்டீஸில். ஆர்விஸ் வீட்டுக் கொல்லையில் களை மண்டி, மரத்துக்கு மரம் கொடி ஏறிக் கிடந்தது. அந்தக் காட்டுக்குள் போன தபால்காரர் இரண்டு நாள் கழித்து வேறொரு ஊரில் வெளியே வந்ததாகப் பேச்சு. பத்து நாளில் வெட்டாவிட்டால் நாங்களே வந்து வெட்டுவோம் என்று ஊராட்சி அவர் வீட்டுக் கதவில் ஒட்டிவிட்டுப் போயிருந்தது.

"அத்தனையும் விஷக்கொடிய்யா. தொட்டா பதினஞ்சு நாளைக்குச் சொறியணும். ஆளை வெச்சுப் பண்ணு" என்றார் பக்கத்து வீட்டு டெல்மர். அவருடைய புல்வெளி பில்லியர்ட்ஸ் மேஜை மாதிரி இருக்கும்.

"ஆள் எதுக்கு? வெறுங்கையால பிடுங்கறேன். ஒரு கொப்புளம் வந்தா என்னை என்னன்னு கேளு."

பாஸ்டர் ஸ்வென்சன் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார். எறும்புக்குக்கூட வழிவிட்டு நடக்கும் சாது.

"ஆர்விஸ், தேவாலய வாசல்ல நிக்கறவர் வாயில இப்படியெல்லாம் வரலாமா? சரி. நீங்களே சொல்லிட்டீங்க. ஒரு கொப்புளம் வந்தாலும் வாசல் வேலையை டெல்மர் பார்க்கட்டும்."

ஆர்விஸின் சிரிப்பு மீசைக்குள் போய் ஒளிந்துகொண்டது.

வாசலில் நின்று வருகிறவர்களுக்குக் கைகொடுத்து உள்ளே அனுப்புவது இருபத்திரண்டு வருடமாக அவர் வேலை. சபையில் நூற்றுப் பன்னிரண்டு பேர். யாருக்கு எந்த முழங்காலில் வலி, யார் மகள் எந்த ஊரில் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்ற பிறகு, தன்னை எதிர்பார்த்து நாலு பேர் வரும் இடம் அது ஒன்றுதான் அவருக்கு.

"சரி பாஸ்டர்" என்றார்.

வீட்டுக்கு வரும் வழியில் மனைவி ஐலீன் காரில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"ஏழாங்கிளாஸ்ல உனக்குத் தலையணையே இல்லையா?"

திங்கட்கிழமை அரைக்கால் சட்டையோடு ஆர்விஸ் காட்டுக்குள் இறங்கினார். பகல் முழுக்கப் பிடுங்கினார், வெட்டினார், கட்டிப் புரண்டார். சாயங்காலம் மண்வெட்டியை வாசல் படியில் சாத்திவிட்டு, குளித்து, கையை விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒன்றுமில்லை. புதன்கிழமையும் ஒன்றுமில்லை.

ஐலீனுக்கு முழங்கை வரை சிவந்து, கொப்புளம் கோத்திருந்தது.

"உன் துணியைத் துவைச்சேன் பாரு, அதுக்குச் சம்பளம்" என்றாள். "நல்லதிலயும் கெட்டதிலயும் பங்குன்னு கல்யாணத்துல சொன்னாங்க. நல்லது எப்ப வரும்?"

அவளை இனிமேல் கஷ்டப்படுத்தக்கூடாது என்று ஆர்விஸ் அழுக்குத் துணியைக் கடைத்தெருவிலிருந்த காசு போட்டுத் துவைக்கும் கடைக்கு எடுத்துப் போனார். அங்கே நாலு பேருக்குக் கூடை தூக்கி உதவினார், ஒரு பெண்ணுக்குப் போர்வை மடித்துக் கொடுத்தார். வெள்ளிக்கிழமை அந்த ஐந்து பேரும் ஐந்து விதமாகச் சொறிந்தார்கள். கடைக்காரர் கதவில் ஆர்விஸின் படத்தை ஒட்டிவைத்தார்.

இனிக் கையே படவேண்டாம் என்று ஆடுகளை வாடகைக்கு வரவழைத்தார். விஷக்கொடியை விருந்துபோலத் தின்னும் ஆடுகள் ஆறு. இறங்கியதுமே அவை நழுவிக்கொண்டு ஓடப் பார்க்க, ஆர்விஸ் ஒவ்வொன்றாகக் கழுத்தைக் கட்டிக்கொண்டு கொல்லைக்கு இழுத்தார். ஆடுகள் அரை மணி நேரம் களையை மேய்ந்தன. பிறகு பில்லியர்ட்ஸ் மேஜை கண்ணில் பட்டது. இடையில் வேலியும் கிடையாது.

"யோவ் ஆர்விஸ்! உன் ஆடு என் ரோஜாவைத் திங்குதுய்யா!"

"என் ஆடு இல்ல, வாடகை ஆடு!"

டெல்மர் ஆறு ஆட்டையும் கட்டிப்பிடித்துத் தூக்கி வந்து போட்டார். சனிக்கிழமை அவர் முகம் பூசணிக்காய் அளவு வீங்கி, கண் இரண்டும் உள்ளே எங்கோ தூரத்தில் தெரிந்தன.

ஆனால் கொல்லை சுத்தமாகிவிட்டது. ஆர்விஸின் தோலும் பிறந்த குழந்தையின் தோல் மாதிரி இருந்தது. ஊர் மெல்ல நம்பத் தொடங்கியது. முடிதிருத்தும் கடையில் அவர் தலையணைக் கதையை இரண்டாம் முறை சொன்னபோது யாரும் சிரிக்கவில்லை. பாஸ்டர் மட்டும் "பார்க்கலாம், பார்க்கலாம்" என்றார்.

ஞாயிறு காலை, மிச்சமிருந்த வேர்களை மண்வெட்டியால் கெல்லிவிட்டு, கையைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டு ஆர்விஸ் தேவாலயத்துக்குப் போனார். அன்றைக்கு அவர் கைகொடுத்த மாதிரி எந்த ஜனாதிபதியும் கொடுத்ததில்லை. இரண்டு கையாலும் பிடித்து, ஒரு கொப்புளம்கூட இல்லை என்று விரித்துக் காட்டி, மறுபடியும் பிடித்தார்.

செவ்வாய்க்கிழமை சபை முழுக்கச் சொறிந்தது. பாடகர் குழு தாளத்துக்குச் சொறிந்தது. மருந்துக்கடையில் பூச்சு மருந்து தீர்ந்து, பக்கத்து ஊரிலும் தீர்ந்து, மூன்றாவது ஊரில் வரிசை நின்றது.

ஊராட்சி, வேளாண் அலுவலகத்திலிருந்து கோரலீ என்ற பெண்ணை அனுப்பியது. புதன்கிழமை அவள் ஆர்விஸின் கொல்லையில் குவிந்து கிடந்த கொடிகளை ஒரு குச்சியால் கிளறினாள். சுற்றிலும் சபை, கைகளில் வெள்ளைப் பூச்சும் கட்டுமாக, சொறிந்துகொண்டே நின்றது.

கோரலீ ஒரு கொடியை வெறுங்கையால் எடுத்து மூக்கருகில் வைத்துக்கொண்டாள்.

"எண்ணிப் பாருங்க. விஷக்கொடின்னா கொத்துக்கு மூணு இலை, இதுல அஞ்சு இலை. இது சாதாரணப் படர்கொடி. இந்த மூணு இலை, மேப்பிள் ஜாதிக் கன்னு. இந்தக் கொல்லையில விஷக்கொடி ஒரு இலைகூடக் கிடையாது."

சொறிந்துகொண்டே எல்லோரும் ஆர்விஸ் பக்கம் திரும்பினார்கள்.

"அப்ப இந்த மனுஷன் பத்து நாளா அஞ்சு இலையோட சண்டை போட்டுட்டு வீரன்னு திரிஞ்சிருக்கான்!" என்றார் டெல்மர். வீங்கிய முகத்தில், குரல் வந்த திசையிலிருந்துதான் வாய் எங்கே என்று தெரிந்தது. "வாசல் எனக்கு!"

ஆர்விஸ் தேவாலய வாசல் சாவியைப் பையிலிருந்து எடுத்து, கொப்புளமே இல்லாத அந்த உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றார். ஐலீன் பக்கத்தில் வந்து நின்றாள். அவள் கிண்டல் பண்ணவில்லை. அதுதான் அவருக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

"ஒரு நிமிஷம்" என்றாள் ஐலீன். "இங்க விஷக்கொடியே இல்லைன்னா, எங்களுக்கெல்லாம் வந்திருக்கறது என்ன?"

கோரலீ அவள் கையைப் பார்த்தாள். டெல்மரின் முகத்தைச் சுற்றி வந்து பார்த்தாள். "இது விஷக்கொடியேதான். சந்தேகமே இல்ல. எங்கிருந்து வந்ததுன்னுதான் புரியல."

கூட்டத்தின் பின்வரிசையில் யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். பாஸ்டர் ஸ்வென்சன் முழங்கை வரை கட்டுப் போட்டிருந்த கையை, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி மெதுவாகத் தூக்கினார்.

"ஆர்விஸுக்குப் பணிவு வரணும்னு ஜெபம் பண்ணேன், அது மட்டும் போதாதுன்னு தோணிச்சு, கல்லறைத் தோட்டத்துக் கொடியைக் கொண்டுவந்து தினம் விடியக்காலையில அவர் மண்வெட்டிப் பிடியில தேய்ச்சது நான்தான், ரப்பர் கையுறை போட்ட எனக்கே இப்படி ஆகியும் இந்த மனுஷனுக்கு ஒரு கொப்புளம்கூட வரலை, நானே சாட்சி."