படர்தாமரை வந்ததால் இஸ்தோப்பில் பாய்

பூண்டுலோயா,
ஞாயிறு.

மஸ்கெலியாவில் இருக்கும் மதிப்புக்குரிய மச்சான் செல்லசாமி அவர்களுக்கு, உங்கள் தங்கச்சி ராசம்மாவின் வீட்டுக்காரன் பொன்னையா வணக்கத்துடன் எழுதுவது. தாங்களும் பிள்ளைகளும் சுகமாயிருக்க முருகன் துணை நிற்பானாக. இங்கே சுகம் என்று எழுத மனம் வரவில்லை. ஒரு கை எழுதுகிறது, மற்றக் கை சொறிகிறது. போனில் சொன்னால் லயத்து வீடுகள் முழுக்கக் கேட்கும்.

விஷயம் என்னவென்றால், சித்திரையில தொடை இடுக்குல அஞ்சு ரூபா காசளவு ஒரு வட்டம். படர்தாமரை. டவுன் பார்மசியில ஒரு டியூப் குடுத்தாங்க, பூசினேன், நாலே நாள்ல அரிப்பு நின்னுச்சு, நானும் நிறுத்திட்டேன், பத்தாம் நாள் திரும்பி வந்துச்சு பாருங்க, குடும்பத்தோட! வயித்துல ஏறி, முதுகுக்குப் போயி, கக்கத்துல புகுந்து, இப்ப கை நகம் வரைக்கும். தேயிலைக் கொழுந்தெடுக்கிறவங்க ஒரு மலைய முடிச்சிட்டு அடுத்த மலைக்குப் போற மாதிரி வரிசையா போகுது. மூணு மாசமா ஒரே மழை, அடுப்புக்கு மேல போட்ட சாரங்கூட காயல, ஈரத்தோடதான் கட்டுறேன். சலூன் துண்டாலதான் வந்துச்சுன்னு பழனியாண்டியோட சண்டை போட்டேன், இனி அவன் எனக்கு முடி வெட்ட மாட்டான். நாயையும் விரட்டிட்டேன். பாவம், அதுக்கு என்னைவிட நல்ல தோல்.

அதெல்லாம் தாங்கிக்குவேன் மச்சான். உங்க தங்கச்சி பண்றதைத்தான் தாங்க முடியல. எனக்குத் தனி சவுக்காரம், தனிக் கொடி, வாசல் இஸ்தோப்புல தனிப் பாய், உள்ள தாழ்ப்பாள். முப்பத்தொரு வருஷம் குடும்பம் நடத்தினவன் வாசல்ல கிடக்கிறேன், போறவங்க வாறவங்க என்னைத் தாண்டிக்கிட்டுப் போறாங்க. வெக்கமா இருக்கு, அழுகையா வருது. அடுத்த ஞாயிறு நீங்க வந்து அவகிட்ட நாலு வார்த்தை கேட்கணும்.

அக்காவுக்கு வணக்கம். பிள்ளைகளுக்கு என் ஆசி, தூரத்திலிருந்தே.

இப்படிக்கு,
பொன்னையா

பி.கு.: கடிதத்தை ஒட்டப் போறப்ப ராசம்மா பிடுங்கி வாசிச்சிட்டா. கொழுந்துக்குப் போறப்ப படங்குச் சாக்கு கட்டுற இடத்துல சேலையை விலக்கிக் காட்டினா. இடுப்பைச் சுத்தி, முதுகு பூரா. போன வருஷ மழையில இருந்தே இருக்காம். நனைஞ்ச படங்கோட நாள் முழுக்க நிக்கிறதால வந்ததாம், சொன்னா நான் அருவருப்பேன்னு பயந்தாளாம். "என்கிட்ட இருந்துதான் உங்களுக்கு ஒட்டிச்சு, மறுபடியும் ஒட்டிறக் கூடாதுன்னுதான் வெளிய பாய் போட்டேன்"னு சொன்னா. மச்சான், நீங்க வர வேணாம். நாளைக்கு ரெண்டு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போறோம். நடு முதுகுல அவளுக்குக் கை எட்டாது மச்சான். இத்தனை மாசமா அந்த இடத்துக்கு ஒரு சொட்டு மருந்து போகல.